எலுமிச்சை விடாத வரிசை

மத்தியானம் இரண்டு மணி தாண்டினால்தான் அந்தச் சத்தம் வரும். நகத்தால் தகரத்தைச் சுண்டினால் ஒரு ‘டிக்’ கேட்குமே, அவ்வளவுதான். எலி, காற்று, கதவு என்று எதன் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் செய்தேன்.

என் அறை மாடியில். அதற்கு நேர் கீழே பச்சைக் காய்கறிக் கடைக்காரர் வீட்டுச் சாமான் அறை. மேற்குச் சுவர் முழுக்க வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும். அவர் செத்ததிலிருந்து இரண்டு மாதமாக அந்த அறை பூட்டிக் கிடந்தது, சாவி அவர் மனைவியின் இடுப்பில். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரிந்த மூன்றாவது ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் தராசு பழுது பார்க்கிறவன். மார்க்கெட் தராசு, மருந்துக்கடைத் தராசு, ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கிடத்தி நிறுக்கிற தராசு, எல்லாம் என் கைக்கு வரும். பதினெட்டு வருஷம் இதே வேலையில் இருந்ததில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எவர் என்ன சொன்னாலும் மனசுக்குள் ஒரு தட்டில் வைத்துப் பார்ப்பேன். கடைக்காரர் பேச்சையும் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். முள் நேராக நின்றதில்லை.

அவர் கடைப் பலகையில் ‘இன்று பறித்தது இன்றே’ என்றுதான் எழுதியிருக்கும். இருட்டோடு எழுந்து சுற்றுவட்டத் தோட்டங்களுக்குத் தானே வண்டி எடுத்துக்கொண்டு போவார். காம்பில் பால் காய்வதற்குள் கூடை கடைக்கு வந்துவிட வேண்டும். வெளியூர் லாரிச் சரக்கைத் தொடமாட்டார். குளிர்பெட்டியில் வைத்த காய்க்கு அவர் வைத்த பெயர் பொணம். டின், பாட்டில் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அன்றைக்குக் கடையில் வியாபாரம் நின்று பிரசங்கம் ஆரம்பமாகிவிடும்.

“டின்ல வர்ற பட்டாணிதாங்க எங்களுக்குச் சௌகரியம். உரிக்க வேணாம், கழுவ வேணாம்” என்று ஒரு டீச்சரம்மா ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள்.

“தாராளமா வாங்குங்க டீச்சரம்மா. அப்படியே மென்னு குடுக்கறதுக்கும் ஒரு ஆளைப் போட்டுக்கோங்க.”

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். டீச்சரம்மாவும் சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ பட்டாணியை உரிக்க வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாய்க்காகவே அவரிடம் வருகிறவர்கள் உண்டு.

ஆனால் ஒரு விஷயம். கூடையில் பிஞ்சாக, பளபளவென்று இருந்ததெல்லாம் பத்து மணிக்குள் விற்றுப் போய்விடும். வீட்டுக்கு வருவது விலைபோகாத மிச்சம். முற்றியது, வாடியது, நுனி கறுத்தது. ஊருக்கெல்லாம் இன்றைக்குப் பறித்தது, அவர் வீட்டுத் தட்டில் முந்தாநாள் பறித்தது. தெருவில் இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசித்தவள் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பழ ஃபேக்டரியில் ஆறு வருஷம் பாட்டில் அடைக்கிற வேலை பார்த்தவள். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் கடையில் பீன்ஸ் மலை மாதிரி வந்து குவியும். தோட்டக்காரர்கள் ‘எடுத்துட்டுப் போங்க சாமி, செடியிலயே முத்துது’ என்று கெஞ்சுவார்கள். அந்த நாட்களில் கூடை இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பிஞ்சு பீன்ஸைப் பொறுக்கி அக்கா உள்ளே கொண்டுபோய்விடுவாள். பறித்த சூடு ஆறுவதற்குள் அடைத்த காய் அது. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் கடித்தால் நறுக்கென்று இருக்கும். அதையும், அடுத்த நாள் தட்டில் விழுகிற அந்த வாடல் காயையும் பக்கத்தில் வைத்து, எது பச்சை எது பழசு என்று என்னைக் கேட்டால் எனக்கு உடனே பதில் வராது.

கடைக்காரருக்கு வந்துவிட்டது, பாட்டில் காய்தான். ஊரார் முன்னால் ஒரு நாக்கு, வீட்டுக்குள் ஒரு நாக்கு.

எனக்கு இது தெரிய வந்ததே அக்காவின் சமையலறைத் தராசால்தான். உப்பு நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று முள் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கீழே கூப்பிட்டாள். போனால் அடுக்களை முழுக்க ஆவி. அகலமான பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அக்கா தரையில் உட்கார்ந்து பீன்ஸின் இரண்டு முனையையும் கிள்ளிக் கொண்டிருந்தாள். கிள்ளியதைச் சுடுதண்ணீரில் ஒரு முக்கு, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு பாட்டிலுக்குள் ஒவ்வொன்றாக நெட்டுக்குத்தலாக நிறுத்துவாள். உப்புத் தண்ணீர், அதற்கு மேல் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, மூடி. ஆறிய பாட்டில்கள் ஒரு பக்கம் வரிசையாக நின்றன. கழுத்தில் சிலவற்றுக்கு வெள்ளை நூல், சிலவற்றுக்குச் சிவப்பு நூல்.

“நூல் எதுக்குக்கா?”

“வெள்ளை எனக்கு. சிவப்பு அவருக்கு, எலுமிச்சை விடாதது. ஒரு சொட்டுப் புளிப்பு நாக்குல பட்டுட்டா மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே நீங்க! இத்தனை வருஷமும் மொணமொணன்னுக்கிட்டேதான் தின்னார். சரி போங்க, உங்களுக்குன்னு தனியா ஒரு வரிசை போட்டுத் தொலைக்கறேன்னு இந்த வருஷம்தான் போட்டிருக்கேன்.”

“ஃபேக்டரில விடுவாங்களா?”

“விடாம? அதுக்குன்னே அளவு கரண்டி உண்டு. நெறம் மாறாம இருக்கறதுக்காத்தான் இருக்கும். ஊத்துன்னா ஊத்துவோம் தம்பி. எதுக்குன்னு கேட்டா, கையை ஓட்டும்மா, வாயை ஓட்டாதேம்பார் சூப்பர்வைசர். ஆறு வருஷம் ஊத்தினேன், ஒருத்தரும் சொன்னதில்ல.”

அவள் மூஞ்சியில் அப்போது இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புருஷனுக்குப் பிடித்தபடி ஒன்று செய்கிறோம் என்கிற சந்தோஷம். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது.

நான் முள்ளைச் சரி செய்துகொண்டிருந்தபோது கடைக்காரர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல நின்றுவிட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

“தராசுக்காரரே, இது வெளிய தெரிஞ்சுதுன்னா என் பலகையைக் கழட்டி அடுப்புல வெச்சிட வேண்டியதுதான்.”

“நான் ஏன் சொல்லப்போறேன்?”

“ஒரு வார்த்தை போகக் கூடாது. யார் கேட்டாலும்.”

“போகாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சிவப்பு நூல் கட்டிய பாட்டில் ஒன்றை எடுத்துத் தானே என் கருவிப் பைக்குள் வைத்தார். “உங்க வாயை அடைக்கறதுக்கு நான் குடுத்ததுன்னு வெச்சுக்கோங்க. என் பங்குலேர்ந்து தர்றேன், அவளுக்குத் தெரிய வேணாம்” என்று காதோரம் சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றதால் கவனிக்கவில்லை. தனிக்கட்டைக்கு அடுப்பு ஏது, நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன். பாட்டிலை ஜன்னல் மாடத்தில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

ஐந்து மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் கடைத் தராசைப் பார்க்கப் போயிருந்தேன். கடைக்காரர் கல்லைத் தட்டில் வைக்கப் போய் வெளியே வைத்தார். மறுபடி வைத்தார், மறுபடி வெளியே.

“என்ன தராசுக்காரரே, உங்க தராசு ரெண்டு ரெண்டாத் தெரியுது?”

நான் சிரித்தேன். காய் வாங்க வந்திருந்த டீச்சரம்மாவும் சிரித்தாள். அவர் வழக்கமான கிண்டல் என்றுதான் நினைத்தோம். அவர் கண் இமை இரண்டும் தூக்கம் சொக்கினவருக்குப் போலப் பாதி இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் சிரித்தேன். பத்து மணிக்குப் பேச்சு குழறியது. தண்ணீர் குடிக்கச் சொன்னால் கடைவாயில் வழிந்தது. மத்தியானம் நானும் அக்காவும் கடைக்கு வந்திருந்த இரண்டு பேருமாக அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

விஷயம் காதில் விழுந்து எங்களுக்கு முன்னாலேயே நாலைந்து பேர் அங்கே வந்து நின்றார்கள். எல்லாம் கடைக்கு வருகிறவர்கள். கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். நான் வார்டு வாசலில் நின்றேன். சின்ன வயசு டாக்டர். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், கையை அமுக்கச் சொல்லிப் பார்த்தார். பக்கவாதம் என்று பின்னால் யாரோ சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

“நேத்து, முந்தாநாள் என்ன சாப்பிட்டார்? டின்ல, பாட்டில்ல அடைச்சது ஏதாவது? வீட்ல போட்டதா இருந்தாலும் சொல்லுங்க.”

அக்கா கட்டிலைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

“இல்லீங்க டாக்டர். எங்க வீட்ல எப்பவும் பச்சைக் காய்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“அவரு கடையே அதுக்குத்தானுங்களே பேரு” என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் ஆமாம் என்று நாலு தலை ஆடியது.

என் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. ஆனால் அக்கா சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று ஒரு எண்ணம், யார் கேட்டாலும் என்று அவர் வாங்கிய சத்தியம் ஒன்று. பெண்டாட்டிக்குத் தெரியாதா, டாக்டருக்குத் தெரியாதா, தராசுக்காரனுக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் சீட்டில் என்னமோ எழுதினார். ஆறாம் நாள் மூச்சு விடுகிற பலம் போய்க் கடைக்காரர் இறந்துபோனார். பக்கவாதம் என்றே தெரு பேசியது.

அதற்குப் பிறகுதான் கீழே அந்தச் சத்தம். வெயில் ஏற ஏற, பூட்டிய அறையில் ஒரு மூடி எழும்பும். டிக். பாட்டில் மூடியின் நடுப்பாகம் உள்வாங்கி இருக்கும்வரை காற்றுப் புகவில்லை, சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது மேலே எழும்பினால் உள்ளே என்னமோ வேலை நடக்கிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சொன்னவள் அக்காதான். ஒவ்வொரு டிக்குக்கும் கீழே அவள் நடப்பது நின்றுபோகும். பாத்திரச் சத்தம் நின்றுபோகும். மாடியில் நானும் அசையாமல் படுத்திருப்பேன். இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

எனக்குப் பயமாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒருநாள் மத்தியானம் டிக் என்று கேட்டபோது, அது கீழே இருந்து வரவில்லை. என் ஜன்னல் மாடத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்காமலே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். மாடத்தில் ஒரு துணியைப் போட்டு மூடுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கடையை நடத்த அவர் தங்கச்சி வந்து சேர்ந்தாள். வெளியூரில் இருந்தவள், அவர் விழுந்த மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். அண்ணன் மாதிரியே வாய், அண்ணன் மாதிரியே சிரிப்பு, பாதிச் சிரிப்பில் அழுகை. விடியுமுன் தோட்டத்துக்குப் போய் வருவாள். அந்த வருஷம் வெயில் முன்னாலேயே கொளுத்த ஆரம்பித்து பீன்ஸ் செடியில் பூவே நிற்கவில்லை. லாரிச் சரக்கு வாங்கலாம் என்று அக்கா ஒருதரம் சொன்னதற்கு, “அண்ணன் பலகைக்குக் கீழ லாரிக் காயா? என்ன பேச்சு அண்ணி பேசறீங்க?” என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தாள். கூடைகள் பாதிக் காலியாகக் கிடந்தன.

அந்த வெயிலில் ஒருநாள் மத்தியானம் கடைக்குப் போயிருந்தேன். தங்கச்சி உள்ளேயிருந்து இரண்டு கையிலும் பாட்டில்களை அணைத்துக்கொண்டு வந்தாள். கழுத்தில் சிவப்பு நூல்.

“தராசண்ணே, இந்தக் கூத்தைப் பாருங்க! கூடை எடுக்கலாம்னு அண்ணி குளிக்கறப்ப சாவியை எடுத்துத் தொறந்தா, உள்ள ரெண்டு வரிசை! பீன்ஸு! கேட்டுக் கேட்டு ஜனம் திரும்பிப் போகுது, எங்க அண்ணி புதையலைப் பூட்டி வெச்சிருக்காங்க!”

ஈரத் தலையோடு அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

“உள்ள வை அதை.”

“ஏன் வைக்கணும்? வாசல்ல அடுக்குவோம். அண்ணனுக்குத் தெரியாம போட்டு வெச்சீங்களாக்கும். தெரிஞ்சிருந்தா ஒவ்வொண்ணா எடுத்துத் தெருவுல ஒடைச்சிருப்பான்.”

அக்கா பாட்டில்களை வாங்கக் கையை நீட்டினாள்.

“சொல்லுங்க அண்ணி. தெரியாமத்தான?”

“அவருக்குன்னு போட்டதுதான்” என்றாள் அக்கா. “சிவப்பு நூல் அவருது.”

தங்கச்சி குனிந்து சிவப்பு நூலைப் பார்த்தாள். சிரித்தாள். அண்ணன் சிரிப்பு அப்படியே. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“திருட்டுப் பய! டின் மீன் வாங்கித் தின்னேன்னு என்கூட ஒரு மாசம் பேசலையே அவன்! ஊரை ஏமாத்தி, தங்கச்சியை ஏமாத்தி, உள்ள உக்காந்து இதை மொக்கியிருக்கான் பாருங்களேன்.” பாட்டில்களை மேடையில் வைத்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். “அப்படி என்னதான் ருசின்னு நானும் ஒரு வாய் பாக்கறேன். எங்கண்ணன் தின்னது எனக்கும் வேணும்.”

மூடியைத் திருகினாள். புஸ் என்று ஒரு மூச்சு வெளியே வந்தது. நாற்றம் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது, ஒன்றுமே நாறவில்லை. பச்சைப் பசேலென்று ஒரு பீன்ஸை இரண்டு விரலால் இழுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

அக்கா பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். பாட்டில் தரையில் விழுந்து நொறுங்கியது. தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

“நாக்குல பட்டுச்சா? சொல்லு, பட்டுச்சா?”

“விடுங்க அண்ணி, வலிக்குது!”

“பட்டுச்சான்னு கேக்கறேன்!”

“படல! படலேங்கறேன்ல!” தங்கச்சி கையை உதறிக்கொண்டாள். “ஒரு வாய். ஒரே ஒரு வாய். அவன் கூடப் பொறந்தவ எனக்கு அதைத் தர மனசில்லையே உங்களுக்கு. எல்லாத்தையும் நீங்களே பூட்டி வெச்சுக்கோங்க.”

அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அக்கா தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, துடைப்பத்தால் மூன்று தடவை கழுவினாள். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தாள். மேலே வரவில்லை.

“தம்பி, அன்னிக்கு டாக்டர் என்கிட்ட ஒண்ணு கேட்டார். நீங்க வாசல்லதான நின்னீங்க. காதுல விழுந்துச்சா?”

“கூட்டமா இருந்துச்சேக்கா. சரியா விழல” என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்!

“பாட்டில்ல அடைச்சது தின்னாரான்னு கேட்டார். நான் இல்லேன்னுட்டேன். அதுக்கு ரெண்டு நாள் முந்தித்தான் சிவப்பு நூல் ஒண்ணைத் தொறந்தார். முழுசும் அவரேதான் தின்னார். நான் வெள்ளை நூல் பாட்டில்தான், எனக்கு ஒண்ணும் ஆகல.”

“ஏன்கா இல்லேன்னீங்க?”

“சுத்திலும் கடைக்கு வர்றவங்க. அதுகூடப் போகட்டும் தம்பி. அவருக்குக் கண்ணுதான் தொறக்க முடியல, காது நல்லா கேட்டுச்சு. அவர் காது கேக்க, நாலு பேர் மத்தியில, அவரை எப்படி விட்டுக் குடுக்கறது? எழுந்து வந்ததும் ‘நல்லவேளை காப்பாத்தினே’ம்பார்னு நெனச்சேன். அப்புறமாத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்னும் நெனச்சேன். சாயங்காலம் அந்த டாக்டர் வரல. வேற ஒருத்தர் வந்தார், அவர் கேக்கல. கேக்காததை நானா எப்படிச் சொல்றது? ராத்திரி போச்சு. மறுநாள் தொண்டையில குழாயைப் போட்டுட்டாங்க. இனிமே சொல்லி என்னன்னு விட்டுட்டேன்.” சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரித் தராசு பாக்கப் போவீங்கல்ல. அந்த டாக்டரைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. நான் ஆமான்னு சொல்லியிருந்தா ஆள் பொழைச்சிருப்பாரா? அவ்வளவுதான். எதுவா இருந்தாலும் எனக்கு மறைக்காம சொல்லுங்க.”

நான் போனேன். குழந்தைத் தராசைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு அந்த டாக்டரைத் தேடிப் பிடித்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது.

“பீன்ஸா? வீட்ல போட்டதா? எலுமிச்சை, வினிகர் ஏதாவது விட்டாங்களா?”

“விடல.”

கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். “அடைச்ச காய்ல ஒரு கிருமி வளர்ந்து விஷம் கக்கும், நரம்பெல்லாம் கட்டுப்பட்டுப் போகும். புளிப்பு இருந்தா அது வளராது. தண்ணியில எவ்வளவு நேரம் கொதிக்க வெச்சாலும் அதோட விதை சாகாது. பாட்டிலுக்குள்ள காத்தும் இல்ல, புளிப்பும் இல்லேன்னா அதுக்குக் கொண்டாட்டம். நாறக்கூட நாறாது.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா?”

“மருந்து இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்து அன்னிக்கு ராத்திரிக்குள்ள வரவழைச்சிருப்பேன். முதல் நாளே போட்டா பெரும்பாலும் பொழைச்சுக்குவாங்க.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “மிச்சம் பாட்டில் இருக்கா? தொறக்காம ஒண்ணைக் கொண்டு வரச் சொல்லுங்க. சோதனைக்கு அனுப்பினா உறுதியாத் தெரிஞ்சிடும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தெரு இருபது நிமிஷ நடை. நான் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒரு கடையில் டீ வாங்கிக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். பதினெட்டு வருஷம் அடுத்தவன் தராசில் அரை கிராம் ஏமாற்றினால்கூடக் கண்டுபிடித்துத் திட்டியவன் நான். அன்றைக்கு நடந்த வழியெல்லாம், இந்தக் கனத்தை அந்தப் பொம்பளை தலையில் எப்படி இறக்குவது என்று ஒரே யோசனை. வீட்டு வாசலுக்கு வரும்போது முடிவு பண்ணிவிட்டேன். பொய்தான் சொல்லப்போகிறேன்.

அக்காவும் தங்கச்சியும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முறம். எங்கேயோ அலைந்து கொஞ்சம் பீன்ஸ் கொண்டுவந்திருந்தாள் தங்கச்சி. இரண்டு பேரும் முனை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி முகம் வீங்கியிருந்தது. அக்கா காலையிலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறாள் என்று பார்த்ததுமே புரிந்தது.

“டாக்டரைப் பாத்தேன்கா.”

அக்காவின் கை நின்றது.

“ஒண்ணும் மாறியிருக்காதாம். சொல்லியிருந்தாலும் இதேதானாம். அதுக்கு மருந்தே கெடையாதாம்.”

தங்கச்சி ‘அம்மாடி’ என்று மூச்சை விட்டாள். விரல் மறுபடி பீன்ஸைத் தேடிப் போயிற்று. அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருந்தே கெடையாதா?”

“கெடையாதாம்.”

“அப்ப அன்னிக்கு எதுக்கு தம்பி கேட்டார்?”

நான் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு ரெண்டாவது தடவையும் கேட்டாரே. மருந்து இல்லாததுக்கா அப்படிக் கேட்டார்?”

எனக்கு முன்னால் மரியாதையாக நடந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. மாடிக்குப் போனேன். மாடத்துத் துணியை எடுத்தேன். என் பாட்டிலின் மூடி நடுவில் மேடாக எழும்பியிருந்தது. கட்டைவிரலால் தொட்டால் அமுங்கி, விட்டதும் டிக் என்று எழுந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே வந்து, முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு நூல் வெயிலில் வெளுத்திருந்தது.

“இது அவரே எனக்குக் குடுத்தது. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுக் குடுத்தார்” என்றேன். “டாக்டர் கேட்டது எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சுக்கா. நீங்க இல்லேன்னதும் விழுந்துச்சு. மருந்து இருக்கு. அன்னிக்கு ராத்திரிக்குள்ள வந்திருக்குமாம்.”

தங்கச்சி கிள்ளிக்கொண்டே இருந்தாள். முனை முறத்துக்குள்ளும் பீன்ஸ் தரையிலும் விழுந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது தெரியவில்லை.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நூலைத் தடவிப் பார்த்தாள். ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கட்டினாள்.

“எண்ணும்போதெல்லாம் ஒண்ணு கொறையும். அவரே தெரியாம எடுத்துத் தின்னுட்டார்னு நெனச்சிட்டு இருந்தேன்” என்றாள். பிறகு, “சோதனைக்குக் கேட்டிருப்பாரே டாக்டர்?”

“கேட்டார்.”

“காலைல நானே எடுத்துட்டு வர்றேன். நீங்களும் வாங்க. நாளைக்குக் கடையைத் தொறக்க வேணாம்.” பாட்டிலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், தூங்குகிற குழந்தையைச் சாய்க்காமல் வைத்துக்கொள்வது போல. “எத்தனை பேர் சுத்தி நின்னாலும் சரி. இந்த வாட்டி கேட்டார்னா சொல்லிடறேன் தம்பி.”